ஐந்தாவது இதயம்

அவன் வராமல் இருந்தால் போதும். வந்தாலும் காப்பி மேசையோடு நின்றுகொள்ளட்டும், என் வரிசைக்கு வரவேண்டாம். வந்தால் கேட்பான். கேட்டால் நான் சொல்லிவிடுவேன். ஒற்றை வார்த்தைதானே. நான்கு வருஷமாக ஊரே அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறது. சொல்லிவிட்டால் எல்லாரும் அழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், அதோடு எல்லாம் மூடிப்போகும். எல்லாம் என்றால் நானும்தான்.

இப்படி நினைத்தபடியே இங்காலில் வாஃபிள் அச்சுக்கு வெண்ணெய் தடவினாள். கணவன் ஹில்டிங் இறந்தபிறகு இன்றுதான் அதை அலமாரியிலிருந்து எடுத்திருந்தாள். வார்ப்பிரும்பில் இரட்டைத் தட்டு, நீளக் கைப்பிடி. மாவை ஊற்றி மூடித் திருப்பினால், ஒரே காம்பில் முளைத்த இலைகள்போல ஐந்து இதயங்கள் நடுவில் ஒட்டிக்கொண்டு வேகும். சோப்பு பட்டே அறியாத அச்சு. நான்கு வருஷம் சும்மா கிடந்தும் துரு ஏறவில்லை. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சமாவது துருப்பிடித்திருக்கலாம்.

மார்ச் இருபத்தைந்து, வருஷாவருஷம் ஊர் கூடி வாஃபிள் தின்னும் நாள். சர்ச் கூடத்துச் சமையலறையின் பரிமாறும் சாளரத்துக்கு வெளியே, தட்டும் கையுமாக முப்பது பேருக்குமேல் நின்றார்கள். மற்ற மூன்று பெண்கள் மின்சார அச்சு வைத்திருந்தார்கள். இங்காலிலுடையது மட்டும் அடுப்பில். அவள் வரிசைதான் எப்போதும் நீளம். இன்றும் அப்படித்தான். பாதிப் பேர் வாஃபிளுக்காக நின்றார்கள், மீதிப் பேர் அவள் முகத்தைப் பார்க்க நின்றார்கள்.

"முதல் வாஃபிள் ஒட்டிக்கிச்சா?" பக்கத்தில் க்ரீம் அடித்துக்கொண்டிருந்த குன்வோர் கேட்டாள். சர்ச் சமையலறையின் சாவி அவளிடம்தான் இருபது வருஷமாக இருக்கிறது. ஊரின் நாக்கும் அவளிடம்தான் என்பார்கள்.

"ஒட்டிக்கிச்சு."

"ஒட்டணும்டி. ஒட்டலைன்னாதான் பயப்படணும். இங்க கொண்டா, பாதிரியாரோட நாய்க்குப் போடலாம்."

"அது செத்துப்போச்சுன்னு சொன்னியே."

"ஆமால்ல. அப்ப பாதிரியாருக்கே வெச்சிடலாம். அவரு வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாரு."

வரிசையில் முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இங்காலிலும் சிரித்தாள். சிரிப்பு வந்ததே ஆச்சரியம். உடனே குன்வோர் குரலை இறக்கினாள். இறக்குவதற்காகத்தான் அந்த நகைச்சுவையே.

"சிக்ஸ்டன் வர்றான். தெரியுமா?"

இங்காலில் மாவை ஊற்றினாள்.

"அடுத்த வாரம் கார்ல்ஸ்டாட்டுக்குப் போயிடறான், தங்கச்சி வீட்டுக்கு. ஒரேயடியா. இங்க அவனுக்கு என்ன இருக்கு, சொல்லு. கடையில காப்பி குடிச்சா கூட உக்கார ஆள் இல்ல. போறதுக்கு முன்னாடி உன் வாயால ஒரு வார்த்தை கேக்கணும்னு சொன்னான்."

"என்ன வார்த்தை?"

"தெரியாத மாதிரி கேக்காத." குன்வோர் கரண்டியில் க்ரீமைத் தூக்கிப் பார்த்தாள், விழாமல் நின்றது. "மன்னிச்சிட்டேன்னு சொல்லிடு. அந்த மனுஷன் நிம்மதியாப் போகட்டும். உனக்கும்தான் நிம்மதி. எத்தன நாளைக்கு மனசுல வெச்சிட்டிருப்ப?"

மனசில் வைத்திருப்பது என்ன என்று குன்வோருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான்கு வருஷத்துக்கு முன், இதே நாள் காலை ஆறு மணிக்கு, சிக்ஸ்டன் உறைந்த ஏரியில் துளை போட்டுப் பனியின் கனத்தைப் பார்த்தான். குளிர்காலம் முழுக்கப் பனிமேல் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவன் அவன். அவனைக் கேட்காமல் யாரும் ஏரியைக் கடப்பதில்லை. ஹில்டிங் கேட்டான். "ஒரு சாணுக்கு மேல இருக்கு. குதிரையே போகலாம்" என்றான் சிக்ஸ்டன். ஹில்டிங்கும் இங்காலிலும் மேற்குக் கரையிலிருந்து சர்ச் இருக்கும் கிழக்குக் கரைக்கு, உதைத்துத் தள்ளும் சறுக்குவண்டியில் வந்தார்கள். சாலை வழியாகச் சுற்றினால் பதினான்கு கிலோமீட்டர். ஏரிமேல் இருபது நிமிஷம். இங்காலில் பாத்திரம் கழுவ இருந்துவிட, மூன்று மணிவாக்கில் ஹில்டிங் மட்டும் தனியாகத் திரும்பினான். தங்கள் கரைக்கு இருநூறு அடி இருக்கும்போது பனி உடைந்தது.

அன்றிலிருந்து சிக்ஸ்டனுக்குக் 'குதிரைக்காரன்' என்று பெயர்.

ஊருக்குத் தெரியாதது, அவன் கிளம்ப ஏன் தாமதமானது என்பது. வேறு ஊராக இருந்தால் முக்கியமே இல்லாத விஷயம். மார்ச் மாதப் பனி காலையில் ஒன்று, மத்தியானத்துக்குமேல் இன்னொன்று. இரவுக் குளிரில் இறுகி நிற்கும் பனி, வெயில் ஏறினால் உள்ளுக்குள் ஊசி ஊசியாகப் பிரிந்துவிடும். கனம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. ஏரிக்கரையில் பிறந்த ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது தெரியும். ஹில்டிங்குக்குத் தெரியும். அதனால்தான் அன்று பன்னிரண்டு மணிக்கே கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்தில் ஆணிக்கயிற்றைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். மரப்பிடி போட்ட இரண்டு கூர் ஆணிகள், நடுவில் கயிறு. தண்ணீரில் விழுந்தால் பனியின் விளிம்பில் குத்தி மேலே ஏறுவதற்கு.

"வெயில் ஏறுது. கிளம்பறேன்" என்றான். "இந்த வருஷம் அஞ்சும் உனக்கே."

அந்த ஐந்து என்பது அவர்கள் இருவருக்குள் இருந்த ஒரு வழக்கு. வாஃபிள் சுடுகிறவள் கடைசியில்தான் சாப்பிடுவாள். வாளியில் மிஞ்சிய கடைசி மாவில் ஒன்று சுட்டு, இருவரும் பிட்டுத் தின்பார்கள். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே அப்படித்தான். ஐந்து இதயத்தை இரண்டு பேருக்குப் பங்கு போட முடியாது. அவளுக்கு இரண்டு, அவனுக்கு இரண்டு, ஐந்தாவதற்குச் சண்டை. ஒரு வருஷம் மாவு வாளியைச் சுமந்தது நான்தான் என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டான். ஒரு வருஷம் கத்தியால் சரிபாதி வெட்டுகிறேன் என்று நொறுக்கி வைத்தான். பெரும்பாலும் அவள் எடுத்துக்கொள்வாள், அவன் சும்மா முறைப்பான். முப்பத்தொரு வருஷம். குழந்தை இல்லாத வீட்டில் சின்னச் சண்டைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"எப்பவும் போல இரு" என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் மாவுதான்."

கொஞ்சம் இல்லை. அரை வாளி இருந்தது.

ஏன் சொன்னோம் என்று இந்த நான்கு வருஷத்தில் அவள் தன்னைக் கேட்காத நாளில்லை. வழக்கத்துக்காக என்று முதலில் நினைத்தாள். பிறகு, வரிசை நீளமாக இருந்த கர்வத்தில், அவன் அதைப் பார்க்கவேண்டும் என்று சொன்னதாக நினைத்தாள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. முழு உண்மை இன்னும் எளியது. ஹில்டிங் வீட்டில் பேசாதவன். அன்று காலை சன்னல் பக்கத்து மேசையில் யாரோ சொன்னதற்குத் தலையைப் பின்னால் சாய்த்துச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை இன்னும் ஒருமணி நேரம் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

அவன் கோட்டைக் கழற்றி மாட்டினான். இரண்டரை மணிக்குக் கடைசி வாஃபிள். ஐந்தாவதை அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் கோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆணிக்கயிறு வலது பாக்கெட்டில் இருந்தது. கயிற்றை ஆணிகளைச் சுற்றி ஒழுங்காகச் சுருட்டி, நுனியைச் செருகி வைத்திருந்தான். அவசரத்தில் அப்படிச் சுருட்ட முடியாது. உட்காரப் போகிறவன்தான் அப்படிச் சுருட்டுவான். கிளம்பும்போது எடுத்துப் போட மறந்திருக்கிறான்.

"கழுத்துல ஏன் போடல?" என்று சவ அடக்கம் முடிந்து காப்பி குடிக்கும்போது யாரோ கேட்டார்கள். "தாங்கும்னு அந்தக் குதிரைக்காரன் சொல்லிட்டானே, அந்தத் தைரியம்தான்" என்று வேறு யாரோ பதில் சொன்னார்கள். எல்லாரும் இங்காலிலைப் பார்த்தார்கள். அவள் கோப்பையைப் பார்த்தாள். பேசாமல் இருப்பது பொய் சொல்வது ஆகாது என்று அன்று நினைத்தாள். அதற்கப்புறம் எத்தனை கோப்பைகள்.

"இங்காலில், கருகுது!" என்றாள் குன்வோர்.

அச்சைத் திறந்தாள். ஓரம் கறுத்திருந்தது. வரிசையில் முதலாவதாக நின்ற ராக்னர் தட்டை நீட்டினார். எழுபது வயது, வாயில் பல்லைவிடப் பேச்சு அதிகம்.

"பரவால்ல, போடு. கறுப்பா இருந்தா ஜாம்ல மறைஞ்சிடும். என் பொண்டாட்டி முப்பது வருஷமா அதைத்தான் பண்றா."

"நீங்களும் முப்பது வருஷமா தின்னுட்டுத்தான இருக்கீங்க" என்றாள் குன்வோர்.

"வேற வழி?" என்று சிரித்தவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, குரல் மட்டும் மாறியது. "ஓ. குதிரைக்காரன் வந்துட்டான். எல்லாரும் பாத்து நில்லுங்கப்பா. தரை தாங்குதான்னு அவன்கிட்டயே கேளுங்க."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நிறையப் பேர் சிரிக்கவில்லை, ஆனால் ஒருவரும் ராக்னரை ஒன்றும் சொல்லவில்லை. இங்காலிலும் சொல்லவில்லை.

சிக்ஸ்டன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். நெடிய ஆள், இப்போது தோள் வளைந்திருந்தது. கோட்டை மாட்டும் கொக்கிகளை ஒருமுறை பார்த்தான். கோட்டைக் கழற்றவில்லை. காப்பி மேசைக்குப் போகவில்லை. நேராக வந்து அவள் வரிசையின் கடைசியில் நின்றான்.

அவனுக்கு முன்னால் பதினொரு பேர். அவள் எண்ணினாள். ஒரு வாஃபிளுக்கு மூன்று நிமிஷம். மாவை ஊற்று, மூடு, திருப்பு, திற. எடுத்த உடனே தின்றாகவேண்டும், தட்டில் கொஞ்ச நேரம் கிடந்தாலே துவண்டுவிடும், பொட்டலம் கட்டி எடுத்துப்போகிற பண்டம் இல்லை இது. அன்று கட்டிக் கொடுத்து அனுப்ப முடிந்திருந்தால். துவண்டதைத் தின்றிருந்தால் என்ன? யாருக்கு என்ன குறைந்திருக்கும்?

சொல்லிவிடலாம், என்று நினைத்தாள். மன்னித்தேன் என்று. அவனுக்கு அதுதான் வேண்டும். கார்ல்ஸ்டாட்டுக்குப் போய்த் தங்கை வீட்டு பால்கனியில் உட்கார்ந்து, மன்னிக்கப்பட்டவனாகச் சாகட்டும். அந்தப் பதினொரு பேரும் குறைந்துகொண்டே வர, இந்த எண்ணம் நல்ல எண்ணம்போலவே இருந்தது. அதில் கருணை இருந்தது, ஊரின் நிம்மதி இருந்தது. அதன் அடியில் மட்டும் ஒரு சின்ன ஆறுதல் பதுங்கியிருந்தது. நான் மன்னித்துவிட்டால், தப்பு அவனுடையது என்று முடிவாகிவிடும். பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். நானே கேட்கமாட்டேன்.

அந்த ஆறுதலைக் கண்டுகொண்டபோது அவள் மாவை அச்சுக்கு வெளியே ஊற்றிவிட்டாள். அது அடுப்பில் விழுந்து பொரிந்தது.

சன்னலுக்கு வெளியே ஏரி வெள்ளையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது. அன்றும் இப்படித்தான் அழகாக இருந்தது.

"இங்காலில்."

"வா, சிக்ஸ்டன்."

அவன் தட்டை நீட்டவில்லை. கையில் தட்டே இல்லை. பின்னால் யாரும் நிற்கவில்லை, ஆனால் மேசைகளில் பேச்சு தாழ்ந்துவிட்டிருந்தது. கரண்டிகள் கோப்பையில் படாமல் கலக்கின. குன்வோர் க்ரீமை இன்னும் அடித்துக்கொண்டே இருந்தாள், அது வெண்ணெயாகத் திரளும் நிலைக்கு வந்துவிட்டது.

"அடுத்த வாரம் போறேன்" என்றான்.

"குன்வோர் சொன்னா."

"அதுக்கு முன்னாடி உன்கிட்ட…" நிறுத்தினான். தொப்பியைத் திருப்பினான். "நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. குதிரைன்னு. மத்தியானம் வரைக்கும்தான்னு சேத்துச் சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சிடு, இங்காலில்."

வாளியில் இன்னும் ஒன்றுக்கு மாவு இருந்தது. கடைசி மாவு. அவள் வழித்து ஊற்றினாள், மூடினாள். கைப்பிடியை விடாமல், குரலைத் தாழ்த்திப் பேசினாள், அதைப் பிடித்திருந்ததால்தான் பேச முடிந்தது.

"அவன் பன்னண்டு மணிக்கே கிளம்பிட்டான், சிக்ஸ்டன். கோட்டுப் போட்டாச்சு. ஆணிக்கயித்தையும் மாட்டியாச்சு. நான்தான் இருன்னேன். இந்தக் கடைசி வாஃபிளுக்காக. நீ சொன்னது தப்பில்ல. பன்னண்டு மணிக்கு ஐஸ் தாங்கியிருக்கும்."

குன்வோரின் கை நின்றது.

எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. சிக்ஸ்டன் அதிரவில்லை, கோபப்படவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினான், தெரிந்த செய்தியைக் கேட்பவன்போல.

"தெரியும்" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"நான் அன்னிக்கு அந்தக் கொக்கிங்களுக்குக் கீழதான உக்காந்திருந்தேன். கோட்ட என் தலைக்கு மேலதான் மாட்டினான். கயித்தச் சுருட்டி பாக்கெட்ல வெச்சதையும் பாத்தேன்." அவன் குரல் இன்னும் தாழ்ந்தது. "உன் பக்கம் திரும்பிப் பாத்துச் சிரிச்சிட்டே மாட்டினான். 'அந்த அஞ்சாவதை இந்த வருஷமாவது வாங்கிடறேன்'னு என்கிட்ட சொன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. 'கிளம்புடா, வெயில் ஏறுது'ன்னு நான் சொல்லியிருக்கலாம். வாயில வாஃபிள். சொல்லல."

ஐந்தாவதை வாங்கிவிடுகிறேன் என்று சொன்னானாம். அவள் கொடுக்கவில்லை. எப்போதும்போல அவள் எடுத்துக்கொண்டாள், அவன் எப்போதும்போல முறைத்தான், வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, வீட்ல பாக்கலாம்" என்று கிளம்பினான். அவனுக்கு அது உண்மையிலேயே வேண்டியிருந்தது என்று அவள் இத்தனை வருஷம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இது அவளுக்குத் தெரியாத ஒரு புதிய இடத்தில் போய் விழுந்தது. இனி வலிக்க இடமில்லை என்று நினைத்திருந்தாள், இருந்தது.

"நாலு வருஷமா…" என்றாள். "உன்னை எல்லாரும்… நீ ஏன் வாயே திறக்கல?"

"திறந்து? புருஷனைப் பறிகொடுத்தவளை ஊர் முன்னாடி நிறுத்தவா?" அவன் மேசைகளின் பக்கம் பார்க்காமலே அவற்றைக் காட்டினான். "இவங்களுக்குக் கதை ஒண்ணு வேணும். என்னை வெச்சுப் பண்ணிக்கிட்டாங்க. பழகிப்போச்சு. இப்ப நான் போறவன். நீ இங்க இருக்கறவ. இதெல்லாம் யாருக்கும் சொல்லவேணாம். குன்வோர் காதுல விழுந்தது அவளோட இருக்கட்டும்."

குன்வோர் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணீர் க்ரீம் கிண்ணத்துக்குள் விழுந்தது.

"மன்னிச்சிட்டேன்னு மட்டும் சொல்லு" என்றான் சிக்ஸ்டன். "அங்க கேக்கற மாதிரி, கொஞ்சம் சத்தமா. அத்தோட முடிஞ்சிடும். உன்னை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. எனக்கும் ஊரை விட்டுப் போறப்ப ஒரு மரியாதை. ரெண்டு பேருக்கும் நல்லதுதான?"

நல்லதுதான். அவன் தந்திரமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்காகத்தான் கேட்டான். அதனால்தான் மறுப்பது அவ்வளவு கடினமாக இருந்தது. அவள் மேசைகளைப் பார்த்தாள். ராக்னர் ஜாம் வழியும் கரண்டியோடு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். எல்லா முகமும் கனிந்து தயாராக இருந்தது. சவ அடக்கத்தன்று அவளைப் பார்த்த அதே முகங்கள். இப்போதும் கோப்பை மாதிரி ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டால் போதும்.

அவள் அச்சைத் திருப்பினாள். திறந்தாள். ஒட்டவில்லை, கருகவில்லை. ஐந்தும் முழுசாக வந்தது. அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து அதில் வைத்து, சாளரத்தின் பலகைமேல் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மாட்டேன், சிக்ஸ்டன்" என்றாள் மெதுவாக. "அதை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னா தப்பு உன்னோடதுன்னு ஆயிடும். கோட்டக் கழட்டி மாட்டிட்டு உக்காந்து சாப்பிடு. துவண்டுடும்."